மலைப் பாடசாலையும் வலையமைப்பு ஆளியும்



மத்திய மலைநாட்டிற் பெய்யும் மழை ஆறாகி, ஆறு அணையிலே தேங்கி, அணைநீர் மின்சாரமாகி இலங்கைக்கு ஒளி கொடுக்கின்றது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டினார். 1950 ஆம் ஆண்டில் லக்ஷபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து புறப்பட்ட கம்பிகள் தேயிலை மலைகளின் மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. ஆயினும் அக்கம்பிகளின் கீழே இருந்த லயங்கள் பலவற்றில் அதன் பின்னரும் பல்லாண்டு காலம் குப்பி விளக்கே எரிந்தது. கம்பி தலைக்கு மேலே போவது வேறு, அதன் பயன் வீட்டுக்குள் வருவது வேறு என்பதை மலையக மக்கள் அனுபவத்தால் அறிவர்.

இன்று மற்றொரு கம்பி மலையேறி வந்திருக்கின்றது. அது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பி. ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா முதலிய பகுதிகளின் பாடசாலைகளிலே கணினி அறைகள் அமைந்துள்ளன. 2013 ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. வலையமைப்பு என்பது மாணவர் கற்கும் பாடமும் ஆகிவிட்டது. இத்தகைய கணினி அறையின் மூலையில், சிறிய இரும்புப் பேழையினுள்ளே, பச்சை விளக்குகள் மினுங்கிக்கொண்டிருக்கும் பெட்டி ஒன்று காணப்படும். அதன் பெயர் நெற்வேர்க் சுவிட்ச். பாடநூல்கள் அதனை ஆளி என வழங்குகின்றன. அப்பெட்டி எதற்கு, அதனுள்ளே நுழைவது எவ்வாறு, அதன் திறவுகோல் யார் கையில் இருத்தல் வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்விடயத்தில் முன்னோடியான முயற்சி ஒன்று இதே மலைநாட்டில் நிகழ்ந்தது. கொத்மலைப் பிரதேச மக்களுக்காக, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ், 1989 ஆம் ஆண்டில் சமூக வானொலி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. 1998 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உதவியோடு அந்நிலையத்திற்கு இணைய இணைப்பும் கிடைத்தது. அவ்விணைப்பின் வேகம் நொடிக்கு 64 கிலோபிற்று மட்டுமே. இன்றைய கைத்தொலைபேசி ஒன்றின் வேகத்தோடு ஒப்பிட்டால் அஃது ஒற்றையடிப் பாதைதான். எனினும், மக்கள் தம் ஐயங்களை நிலையத்திற்கு அறிவிக்க, அறிவிப்பாளர் அவற்றுக்குரிய விடைகளை இணையத்தில் தேடிக் கண்டு, கேட்போர் விளங்கும் மொழியில் எடுத்துரைத்தார். கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களின் பொது நூலகங்களிலும் இணைய வசதி செய்து கொடுக்கப்பட்டது. கணினியைக் கண்டறியாத வீட்டிலும், வானொலிப் பெட்டி வாயிலாக இணையத்தின் பயன் சென்று சேர்ந்தது.

கொத்மலை முயற்சி உலகின் பல நாடுகளில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. அதற்குக் காரணம் கம்பியின் பெருமை அன்று. கருவியின் அருகிலே இருந்தவர்கள் அவ்வூர் மக்கள். அவர்களே அதனைக் கையாளப் பழகினர். ஊரிலுள்ளோர் கையாளத் தெரிந்த சிறு கருவி பயன் தந்தது. எவருக்கும் கையாளத் தெரியாத பெருங்கருவி எத்தகைய பயனைத் தரும் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இனி ஆளி என்பது யாது எனப் பார்த்தல் வேண்டும். சுவிட்ச் என்றதும் சுவரிலே விளக்கேற்றும் பொத்தான் நினைவுக்கு வருவது இயல்பு. இது அத்தகையதன்று. கணினிகள் பலவற்றிலிருந்து வரும் வடங்கள் வந்து சேரும் சந்தி இது. 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ரொபேட் மெற்காவ் என்பார் ஈதர்நெற் என்னும் முறையை வகுத்தார். தொடக்கத்திலே ஒரே வடத்தில் எல்லாக் கணினிகளும் தொங்கின. பின்னர் ‘ஹப்’ எனப்படும் குவியன் வந்தது. குவியனின் இயல்பைத் தோட்டத்து வழக்கினால் எளிதில் விளக்கலாம். காலையிற் பெரட்டுக்களத்திலே கணக்கப்பிள்ளை ஒருவருடைய பெயரைக் கூவி அழைக்கின்றார். அழைக்கப்பட்டவர் ஒருவரே, கேட்பவரோ எல்லோரும். இருவர் ஒரே நேரத்திற் கூவினால் எவருக்கும் எதுவும் விளங்காது. குவியனும் இவ்வாறே தனக்கு வந்த செய்தியை எல்லா வடங்களிலும் அனுப்பிவிடும்.

ஆளி அவ்வாறு செய்வதில்லை. அஃது ஒவ்வொரு வாயிலிலும் இருக்கும் கணினியின் முகவரியைக் கற்று நினைவில் வைத்திருந்து, செய்தியை உரிய வாயிலுக்கு மட்டும் அனுப்புகின்றது. எந்தக் காம்பராவில் யார் குடியிருக்கின்றார் என்பதை அறிந்து, கடிதத்தை அவர் கையிலேயே கொடுக்கும் தபாற்காரரை இதற்கு ஒப்பாகக் கூறலாம். இத்தகைய முதல் ஈதர்நெற் ஆளியை 1990 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த கொம்பனியின் பெயர் ‘கல்பனா’ என்பது. அதனை நிறுவியவருள் ஒருவரான இந்திய வமிசாவளியினர் வினோத் பாரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே கொம்பனிக்கு இட்டார். கற்பனை என்னும் பொருளுடைய அப்பெயர், 1994 ஆம் ஆண்டில் சிஸ்கோ கொம்பனி அதனை வாங்கியதோடு சந்தையிலிருந்து மறைந்தது. அது காட்டிய வழியிலேயே இன்றைய ஆளிகள் இயங்குகின்றன.

ஈண்டு மலையக நேயர்கள் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வலையமைப்பிற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் அதனைச் செய்த தொழிற்சாலையிலேயே 48 பிற்று நீளமான தனி முகவரி ஒன்று இடப்படுகின்றது. தோட்டத்து லயங்களிலோ, தலைமுறைகள் பல கடந்தும், ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், அலுவலகத்திற் கிடக்கும், கைமாறிக் கைமாறி வீட்டை அடையும். நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அதற்கான அழைப்புக் கடிதம் கிடைத்த இளைஞரின் துயரம் மலையகத்தில் எவரும் அறியாததன்று. உரியவரிடம் உரிய நேரத்திற் செய்தி சேருதல் எத்துணை முக்கியமானது என்பதை இம்மக்களுக்கு வேறொருவர் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆளிகளில் இருவகை உண்டு. ஒன்று, வடத்தைச் செருகியவுடன் தானே இயங்கும் சாதாரண ஆளி. அதனிடம் எதுவும் சொல்லவும் முடியாது; கேட்கவும் முடியாது. மற்றையது நிர்வகிக்கத்தக்க ஆளி. எந்த வாயில் திறந்திருத்தல் வேண்டும், எது மூடியிருத்தல் வேண்டும், யார் யாரோடு பேசலாம் என்பவற்றை இதற்குக் கட்டளையிடலாம். பத்துக் கணினிகள் மட்டும் உள்ள சிறு பாடசாலைக்குச் சாதாரண ஆளியே போதும். அலுவலகம், கணினி அறை, நூலகம் ஆகியன தனித்தனியே இருக்கும் பாடசாலைக்கு நிர்வகிக்கத்தக்க ஆளி ஏற்றது.

உதாரணமாக, ஹற்றனை அடுத்த மலைச்சரிவில் ஒரு பாடசாலை இருப்பதாகக் கொள்ளலாம். மேல்மேடையில் அலுவலகமும் பழைய மண்டபமும் உள்ளன. கீழ்மேடையில் இரண்டு மாடிக் கட்டடம். அதிலே கணினி அறை. முதலிற் செய்ய வேண்டிய வேலைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். எந்த அறையில் எத்தனை கணினிகள், எந்த வடம் எந்த வாயிலுக்கு என வரைந்துகொள்ளல் வேண்டும். செப்பு வடம் ஒன்று 100 மீற்றருக்கு மேல் நீளலாகாது. மேடைக்கு மேடை செல்லும் வடமோ, தூரம் குறைவாயினும், கண்ணாடி இழை வடமாக இருத்தலே நன்று. கண்ணாடி இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. இடிமின்னல் மிகுந்த மலைநாட்டில், ஒரு கட்டடத்தில் விழுந்த மின்னல் செப்பு வடத்தின் வழியே மற்றைக் கட்டடத்துக் கருவிகளையும் எரித்துவிடக் கூடும். ஆளியை ஈரம் கசியாத சுவரில், நிலத்திலிருந்து உயரத்தில் பொருத்தி, அதன் இரும்புப் பேழையை நிலத்தொடுப்புச் செய்தல் வேண்டும். மாதக்கணக்கில் மூடுபனி சூழும் ஊர்களில் இது சிறு விடயம் அன்று.

அடுத்து, ஆளியினுள்ளே நுழைதல். புதிய ஆளிக்குப் பெரும்பாலும் இருவழிகள் உள்ளன. முதலாவது, ‘கொன்சோல்’ எனக் குறிக்கப்பட்ட தனி வாயில். அதற்குரிய வடத்தின் ஒருமுனையை அதிலும், மறுமுனையை மடிக்கணினியிலும் செருகுதல் வேண்டும். இன்றைய மடிக்கணினிகளிற் பழைய தொடர்வாயில் இல்லாமையால், யூ.எஸ்.பி. மாற்றி ஒன்று தேவைப்படும். பின்னர் ‘புட்டி’ போன்ற முனையச் செயலியைத் திறந்து, வேகத்தைக் கையேட்டிற் கூறியவாறு அமைத்தல் வேண்டும். பல ஆளிகளுக்கு அது நொடிக்கு 9600 பிற்று. தரவுப் பிற்றுகள் 8, சமநிலைப் பிற்று இல்லை, நிறுத்தற் பிற்று 1. என்ரர் விசையை ஓரிரு முறை அழுத்தினால், கருந்திரையிலே ஆளி தன் பெயரைக் காட்டிக் கட்டளைக்குக் காத்து நிற்கும். திரையில் எழுத்துகள் சிதைந்து தோன்றுமாயின் ஆளி பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை என்பதே பொருள்.

இரண்டாவது வழி இணைய உலாவியின் வழி. இவ்வசதியுள்ள ஆளிகளின் அடிப்பக்கத்திலோ கையேட்டிலோ ஒரு முகவரி அச்சிடப்பட்டிருக்கும். அது 192.168.1.1 என்பதாகக் கொண்டால், மடிக்கணினிக்கு 192.168.1.10 என்னும் முகவரியையும் 255.255.255.0 என்னும் மறைப்பையும் தற்காலிகமாகக் கொடுத்தல் வேண்டும். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தாலன்றி ஒன்றையொன்று காணமாட்டா. பின்பு மடிக்கணினியை ஆளியோடு சாதாரண வடத்தால் இணைத்து, உலாவியில் ஆளியின் முகவரியை இட்டால், கடவுச்சொல் கேட்கும் பக்கம் தோன்றும்.

உள்ளே நுழைந்தபின் செய்யவேண்டியன நான்கு. முதலாவது, தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்லை மாற்றுதல். அக்கடவுச்சொல் உலகறிந்தது; அதை மாற்றாது விடுதல் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதற்கு நிகர். இரண்டாவது, ஆளிக்கு ஒரு பெயரும் நிலையான நிர்வாக முகவரியும் கொடுத்தல். இதன் பின்னர் மேல்மேடை அலுவலகத்தில் இருந்தபடியே கீழ்மேடை ஆளியோடு பேசலாம். அவ்வாறு பேசும்போது ‘ரெல்நெற்’ என்னும் பழைய முறையைத் தவிர்த்தல் வேண்டும். அதிலே கடவுச்சொல் திறந்த அஞ்சலட்டை போலச் செல்லும். 1995 ஆம் ஆண்டில் பின்லாந்தில் ததூ இலோனன் என்பார் ஆக்கிய எஸ்.எஸ்.எச். என்னும் முறை செய்தியை உறையிலிட்டு முத்திரை வைத்ததுபோற் கொண்டுசெல்லும்.

மூன்றாவது, பிரிவுகள் வகுத்தல். ஒரே ஆளிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சுவர்களை எழுப்பி, அலுவலகக் கணினிகளை ஒரு பிரிவாகவும் மாணவர் கணினிகளை வேறொரு பிரிவாகவும் ஆக்கலாம். ‘வீலான்’ என்பது இதற்குப் பெயர். அதிபரின் கணினியிலுள்ள புள்ளிப் பட்டியலை மாணவர் அறையிலிருந்து எவரும் எட்டிப் பாராதிருக்க இஃது உதவும். மேல்மேடை ஆளிக்கும் கீழ்மேடை ஆளிக்கும் இடையே வடம் ஒன்றே எனினும், எல்லாப் பிரிவுகளின் செய்திகளும் அதிலே செல்லலாம். பல மலைகளிற் பறித்த கொழுந்து ஒரே லொறியில் ஏறினாலும், இன்ன சாக்கு இன்ன பிரிவினது என அடையாளம் கட்டி அனுப்புவதில்லையா? அதுபோல ஒவ்வொரு செய்தியிலும் பிரிவு எண் பொறிக்கப்படுகின்றது. இதற்கான பொது நியமம் 1998 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இவ்வேலையின்போது, தான் இணைந்திருக்கும் வாயிலையே வேறு பிரிவுக்கு மாற்றிவிடுதல், இருந்த கிளையை வெட்டுவதாக முடியும். கொன்சோல் வடம் கையிலிருந்தால் அப்போதும் கலங்க வேண்டியதில்லை.

நான்காவது, செய்தவற்றைச் சேமித்தல். பல ஆளிகளில், இட்ட கட்டளை உடனே நடைமுறைக்கு வரும். ஆனால் சேமிக்கும்படி தனியே கட்டளையிட்டாலன்றி நிலைத்து நில்லாது. மின்சாரம் ஒருமுறை நின்று வந்தால், நாள் முழுதும் செய்த வேலை மறைந்துபோகும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிலவியதை நினைவுகூர்ந்தால், இவ்வெச்சரிக்கையின் அருமை விளங்கும்.

இவற்றோடு, சுழற்சி என்னும் இடரையும் அறிந்திருத்தல் வேண்டும். தொங்கிக் கிடக்கும் வடத்தின் நுனியைக் கண்ட மாணவன் ஒருவன், நல்லெண்ணத்தோடேயே அதனை வெற்று வாயிலிற் செருகுகின்றான். அதன் மறுமுனையும் அதே ஆளியில் இருந்தால், செய்தி ஓயாது சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளிற் பாடசாலையின் கணினிகள் அனைத்தும் செயலற்றுப் போகும். இதற்குத் தீர்வாக ரேடியா பேர்ல்மன் என்னும் அம்மையார் 1985 ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தார். ஆளிகள் தமக்குள் பேசி, சுற்றுவழியைக் கண்டுபிடித்து, ஒரு வாயிலைத் தாமே அடைத்துக்கொள்ளும். நிர்வகிக்கத்தக்க ஆளிகளில் இம்முறை உண்டு. அஃது இயங்குகின்றதா என்பதைப் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும்.

இறுதி வினா திறவுகோலைப் பற்றியது. மூன்றனுள்ளும் முதன்மையானதும் இதுவே. மேற்கூறிய வேலைகளையெல்லாம் நகரத்திலிருந்து வந்த ஒருவர் ஒரே பிற்பகலிற் செய்து முடித்துவிடலாம். செய்து முடித்துக் கடவுச்சொல்லைத் தம் நினைவிற் கொண்டு அவர் பஸ்ஸேறிச் சென்றுவிட்டால் நிலைமை யாது? ஓராண்டு கழித்து மின்னற் புயல் ஒன்று வீசுகின்றது. ஆளியின் வாயில்கள் சில பழுதடைகின்றன. வேறு வாயில் வெறுமையாகவே இருக்கின்றது; ஆனால் அதனைத் திறக்க எவருக்கும் வழி தெரியவில்லை. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவரின் விண்ணப்பங்கள் பாடசாலை வாயிலாக இணையத்திலேயே அனுப்பப்படுகின்றன. முடிவு நாளுக்கு இரண்டு நாள் இருக்க, ஆசிரியர் ஒருவர் கோப்பைச் சுமந்துகொண்டு மழையிலே ஹற்றன் நகரத்துக் கடையைத் தேடி இறங்குகின்றார். கொழுந்துக் கூடை சுமந்து பிள்ளையை உயர்தர வகுப்புவரை படிக்கவைத்த தாயின் நம்பிக்கை, யாரோ ஒருவரின் நினைவிலே தங்கிய ஒரு சொல்லை நம்பி நிற்கின்றது. இத்தகைய நிலை எந்தப் பாடசாலைக்கும் நேரலாம்.

பூட்டிய ஆளிக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. பெரும்பாலான ஆளிகளில் ஒரு சிறு பொத்தானை நெடுநேரம் அழுத்தினாலோ, கையேட்டிற் கூறிய வேறு வழியாலோ, அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். ஆனால் அதிலிருந்த அமைப்புகள் யாவும் அழிந்துபோகும். அமைப்பின் பிரதி கையில் இருந்தால் அரைமணி நேரத்தில் மீண்டும் ஏற்றிவிடலாம். பிரதியும் இல்லை, வரைபடமும் இல்லை என்றால், எந்த வடம் எங்கே போகின்றது என்பதைத் தடவித் தடவி அறிதல் வேண்டும்.

இதற்குச் செய்யவேண்டியது செலவில்லாத காரியம். பாடசாலைகளுக்குப் பதிவேடு புதிதன்று. சம்பவத்திரட்டுப் பதிவேடு உண்டு, பொருட்பதிவேடும் உண்டு. ஆளியைப் பெற்ற நாளில் அதன் பெயர், தொடர் எண், நிர்வாக முகவரி, வாயில்களின் வரைபடம் ஆகியவற்றைப் பொருட்பதிவேட்டிற் சேர்த்தல் வேண்டும். கடவுச்சொல்லை உறையிலிட்டு ஒட்டி, அதிபரின் இரும்புப்பெட்டியில் வைத்தல் வேண்டும். அமைப்பின் பிரதியை இருவேறிடங்களிற் காத்தல் வேண்டும். கொன்சோல் வடத்தை ஆளியின் பேழையிலேயே தொங்கவிடுதல் நன்று. அதிபர் மாற்றம் பெற்றுச் செல்லும்போது, பாடசாலைச் சாவிக்கொத்தோடு அவ்வுறையும் புதியவரிடம் கையளிக்கப்படல் வேண்டும். கருவி பொருத்த வருவோரிடமும், இவற்றைத் தந்த பின்னரே வேலை முடிந்ததாகக் கையொப்பமிடப்படும் என முன்னரே தெரிவித்துவிடுதல் தகும்.

அதனினும் மேலானது ஆட்களைப் பழக்குதல். ஒரே ஓர் ஆசிரியர் மட்டும் அறிந்திருந்தாற் போதாது; அவருக்கும் இடமாற்றம் வரும். உயர்தர வகுப்பு மாணவர் நால்வர், ஆசிரியரின் மேற்பார்வையில், தவணைக்கொருமுறை ஆளியினுள் நுழைந்து, வாயில்களின் நிலையைப் பார்த்து, பிரதி எடுத்து, தாம் செய்ததைத் திகதியோடு பதிவேட்டில் எழுதுவாராக. அவர்கள் பரீட்சை எழுதி வெளியேறுமுன் அடுத்த வகுப்பினர் நால்வருக்குக் கற்றுக்கொடுப்பாராக. பாடநூலில் ஆளி என்னும் சொல்லை மனனம் செய்து புள்ளி பெறும் மாணவி, அதே அறையின் மூலையில் இருக்கும் ஆளியைத் தன் கையாலே திறந்து பார்த்தல் வேண்டாமா?

தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைத் துடைத்தவர்களும் எண்ணெய் இட்டவர்களும் இயக்கியவர்களும் தோட்டத் தொழிலாளரே. ஆயினும் அவற்றைப் பற்றிய ஏடுகளும் சாவிகளும் நெடுங்காலம் துரைமாரின் அலுவலகத்திலேயே இருந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் அந்நிலை தொடரவேண்டியதில்லை. இத்தவணை முடிவதற்குள், தத்தம் பாடசாலையின் ஆளிக்குரிய கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்பதை ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஒருமுறை கேட்டறிதல் நன்று. விடை தெளிவாகக் கிடைக்குமாயின் மகிழ்ச்சி. கிடைக்காதாயின், அதைத் தேடுவதற்கு மின்னற் புயல் வரும்வரை காத்திருத்தல் ஆகாது.